உச்சி வெயிலில் இறங்கிய ஊற்று

சண்முகவள்ளியை முதன்முதலில் பார்த்த அன்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அன்று யார் வந்திருந்தாலும் அடித்திருப்பேன். வளைகுடாவில் பதினோரு வருஷம் சாலையோர மரங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஏர்வாடி ரோட்டோரம் பச்சை வலை கட்டி நாற்றுப்பண்ணை போட்டிருந்த புதிது. பாலைவனத்திலேயே மரம் வளர்த்த காஜா நவாஸுக்கு ராமநாதபுரம் எந்த மூலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். "அங்கே தண்ணி பைப்புல வந்துச்சு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்பாள் என் மனைவி ஹாஃபிஸா. அதை மட்டும் நான் சொல்வதில்லை.

சண்முகவள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் காய்ந்த முகம், கையில் மடித்த சாக்கு. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மணலில், உப்புக் காற்றில், ஆடு வாய் வைக்காமல் வளர்கிற மரம் எது? தைலமரம் என்றேன். அறுநூறு கன்று வேண்டும் என்றார்.

அவர் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய் விளைகிற கரிசல் பூமியில். வாக்கப்பட்டு வந்தது தாழைமேட்டுக்கு. திருப்புல்லாணியிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் வழியில், கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் மணல் ஊர் அது. புருஷன் மருதுபாண்டிக்குப் பங்கில் கிடைத்தது இரண்டு துண்டு மணல். ஒன்று ஊருக்குக் கிழக்கே, இன்னொன்று மேற்கே. சீமைக் கருவேலத்தைத் தவிர அதில் எதுவும் முளைத்ததாக யாருக்கும் நினைவில்லை. பிழைப்புக்காக மருதுபாண்டி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. வருஷத்துக்கு மூன்று தடவை வந்து போவார். ஒருமுறை கிளம்பும்போது, அந்த மணல்ல ஏதாச்சும் விளைஞ்சா திரும்பி வந்துர்றேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சண்முகவள்ளி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வருஷம் மரத்தை வெட்டி விற்று, அந்தக் கையோடு புருஷனை ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

கார்த்திகை மாதம் கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். கயிறு கட்டி வரிசை பிடித்தேன். ஒரு கன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே எத்தனை அடி என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆட்கள் குழி வெட்டிக்கொண்டே முன்னால் போக, சண்முகவள்ளி பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு குழியிலும் கையை விட்டு அடிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். சில குழிகளைத் தாண்டிப் போனார். சிலவற்றைக் காலாலேயே தள்ளி மூடினார்.

"என்ன தங்கச்சி, உப்பு போதுமான்னு பாக்குறீங்களா?" என்றேன்.

"கூடுதலான்னு பாக்குறேன் பாய்" என்றார், சிரிக்காமல்.

மேற்குத் துண்டில் பாதிக் குழிகளை மூடிவிட்டார். நான் கயிறு பிடித்த வரிசைகள் பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மண் பரிசோதனைக்கு ஆய்வகம் இருக்கிறது, அதற்கு ஒரு காகிதம் இருக்கிறது, நாக்கை நம்பி யாராவது தோப்பு வைப்பார்களா என்று ஆட்களிடம் முணுமுணுத்தேன். அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, மூடியவற்றில் ஏழு குழிகளைத் திறந்து கன்று வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த ஏழும் இலை ஓரம் கருகி நின்றன. மற்றதெல்லாம் பச்சை. சண்முகவள்ளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏழு கன்றையும் பிடுங்கி என் பைக்கின் பையில் வைத்திருந்தார்.

இந்த நாக்கு அவருக்கு எப்படி வந்தது என்பது ஊற்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. தாழைமேட்டில் குழாய் உண்டு. அதில் வரும் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகும். அறுபது வீட்டுக்கும் குடிதண்ணீர், கிழக்குத் துண்டை ஒட்டியிருக்கிற மணல் ஊற்றுதான். ஒரு ஆள் இறங்கி நிற்கிற அளவு பள்ளம். அதன் அடியில் மணலிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து தேங்கும். தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். இளநீரை நினைவுபடுத்தும் ருசி. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

நல்ல தண்ணீர் அங்கே உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அதனால் தேங்கும் இடத்தை முழங்கை ஆழத்துக்கு மேல் யாரும் தோண்டக் கூடாது. தோண்டினால் கரிப்பு ஏறிவிடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலு மணி வரை ஊற்றில் சிரட்டை படக் கூடாது. ஊற்று ஓய்வெடுக்கிற நேரம் அது. குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாலு மணிக்கு வந்தால் விட்டுப்போனதைவிடத் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரைத் தினமும் ருசி பார்த்த நாக்கு அவருடையது. உப்பு எத்தனை விரற்கடை தள்ளி நிற்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

முதல் இரண்டு கோடையும் அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். தன் துண்டிலேயே ஒரு பள்ளம் தோண்டி, சற்றுக் கரிப்பான அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து கன்றுக்கு அரைச் செம்பு வீதம் ஊற்றினார். ஊற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுக்கவில்லை. கன்று தப்பியது நானூற்று எண்பது. கிழக்குத் துண்டில் முந்நூறு, மேற்கில் நூற்று எண்பது.

மூன்றாம் வருஷம் அந்தத் தோப்புக்குள் நுழைந்தபோது கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தேன். வளைகுடாவில் நான் வளர்த்த மரங்களுக்குக் காலுக்கொரு குழாய் இருந்தது. இவற்றுக்கு ஒன்றும் இல்லை. வெறும் மணலிலிருந்து கிளம்பி, இரண்டு பனை உயரத்தை எட்டிப் பிடிக்கிற அவசரத்தில் நின்றன. பட்டை உரிந்து வழவழவென்று வெளுத்த அடிமரம். கடல்காற்று வந்தால் உச்சியில் ஒரு ஓசை எழுந்து மேற்கே போய் முடியும். மழை பெய்த மறுநாள் தைல வாசனை ரோடு வரை வரும். "சுப்ஹானல்லாஹ்" என்று என்னையறியாமல் சொன்னேன். மேற்குத் துண்டு மரங்கள் கொஞ்சம் குட்டை. கிழக்குத் துண்டுதான் கண்ணைப் பறித்தது. அந்த மரங்களுக்கு நடுவே நின்று ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து, என் பண்ணையின் போர்டில் மாட்டினேன். கிழக்கு மட்டும் ஏன் அப்படி வளர்ந்தது என்று நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. என் கன்றின் ராசி என்றே எடுத்துக்கொண்டேன்.

நாலாம் வருஷம் சித்திரையில் போன் வந்தது.

"பாய், நான் தண்ணி திருடுறேங்கிறாக" என்றார் சண்முகவள்ளி.

விஷயம் இதுதான். ஊற்று சுருங்கிப்போயிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஓய்வு நேரம் முடிந்து நாலு மணிக்குப் போனால் தண்ணீர் ஏறியிருக்க வேண்டியதற்குப் பதிலாக இறங்கியிருந்தது. ஊரே வீட்டுக்குள் கிடக்கிற உச்சி வெயிலில் யாரோ வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். வேறு எப்படி இறங்கும்? தாழைமேட்டில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஊற்றை ஒட்டி யார் நிலம்? முதல் இரண்டு கோடையும் குடம் குடமாகக் கன்றுக்கு ஊற்றியது யார்? ஊர் நாட்டாமை தங்கப்பாண்டி வாயைத் திறந்து பெயரைச் சொல்வதற்கு முன்பே எல்லார் பார்வையும் ஒரே இடத்துக்குப் போய்விட்டது. ஒருநாள் காலையில் சண்முகவள்ளி போனபோது அவருடைய குடம் வரிசையில் இல்லை. எடுத்து ஓரமாக மணலில் வைத்திருந்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் பேசவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். நீங்க வரணும் பாய் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் வாடிக்கையாளரைத் திருடி என்றால் அது என்னைச் சொன்ன மாதிரி. ஒரு வாரம் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். இரண்டு வருஷமாக மழை சரியில்லை. சுற்று வட்டாரத்தில் இறால் பண்ணைகள் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சுகின்றன. திருடியதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஹாஃபிஸா எதிரே உட்கார்ந்து மூன்று தடவை கேட்டுவிட்டு, பரவாயில்லை, வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்றாள்.

கூட்டம் நாடக மேடை முன்னால் நடந்தது. வேப்பமர நிழலில் ஆண்கள், மேடைப் படியில் பெண்கள். சண்முகவள்ளி ஓர் ஓரத்தில், முழ நீளத்துக்குக் காய்ந்த பனைமட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழக்கே அவருடைய தோப்பு தெரிந்தது. ஊற்றை ஒட்டிய ஓரம் கொஞ்சம் வெளிச்சமாக இருப்பதுபோல் பட்டது. மனப்பாடம் செய்த பேச்சு மறந்துவிடுமே என்ற பயத்தில் நான் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மழைக் கணக்கைச் சொன்னேன், இறால் பண்ணையைச் சொன்னேன். கண்ணால் காணாததை வைத்து ஒரு பெண்ணின் குடத்தை வரிசையிலிருந்து எடுக்கலாமா, நாளைக்கு உங்கள் வீட்டுக் குடத்தையும் எடுப்பார்களே என்றேன். தலைகள் ஆடின. கடைசியில் தங்கப்பாண்டியே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அது நியாயம்தான், கண்ணால பாக்காம சொன்னது தப்பு, சண்முகவள்ளி குடம் நாளையிலிருந்து வரிசைக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டார். வழக்கு முடிந்தது. நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அப்போது சண்முகவள்ளி எழுந்தார்.

"திருட்டு நடந்தது நெசந்தேன்" என்றார். "நான் ஒளிஞ்சு உக்காந்து பாத்தேன்."

அவர் பனைமட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் கத்தியால் வெட்டிய கோடுகள் இருந்தன. குடத்தை ஓரமாக வைத்த அன்றே, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். பத்து மணிக்கு எல்லாரும் போன பிறகு ஊற்றில் மட்டையை ஊன்றி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கோடு வெட்டிவிட்டு, தன் தோப்பு நிழலில் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நாலு மணிக்கு மறுபடி ஒரு கோடு. இப்படிப் பத்து நாள்.

"ஒரு காக்கா கூட வரலை" என்றார். "தண்ணி மட்டும் இறங்கிக்கிட்டே இருந்துச்சு, என் கண்ணு முன்னால. ஒருநாளு மூணு விரக்கடை. மறுநாளும் மூணு விரக்கடை. எனக்குப் பயம் வந்துருச்சு. அஞ்சாம் நாளு மேகம் போட்டு வெயிலே இல்லை. அன்னைக்கி இறங்கவே இல்லை. அப்பத்தேன் நான் அண்ணாந்து பாத்தேன். திருடன் என் தலைக்கு மேல நிக்கிறான். நான் அவன் நெழல்லயே உக்காந்துக்கிட்டு அவனைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

எல்லாரும் கிழக்கே திரும்பித் தோப்பைப் பார்த்தார்கள்.

சந்தேகம் தீர வேண்டுமே என்று அவர் அதோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், ஊற்றை ஒட்டி நின்ற ஒரு வரிசையை, இருபத்திரண்டு மரங்களை, தானே வெட்டிச் சாய்த்திருக்கிறார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மட்டையை வைத்துப் பார்த்தார். மூன்று விரற்கடை இறங்கியது இரண்டரையாகக் குறைந்திருந்தது. மேற்குத் துண்டிலும் பார்த்துவிட்டார். அது ஊற்றுக்கு எட்டாத தூரம், அங்கே கீழே இருப்பது யாரும் குடிக்காத கரிப்புத் தண்ணீர். அந்த மரங்கள் அதைக் குடித்துக்கொள்ளட்டும்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாய், நீங்க பாலைவனத்துல மரம் வளத்தவுக. நான் நெனைக்கிறது சரியா, தப்பான்னு ஊருக்குச் சொல்லுங்க. மரம் வெயில்லதான குடிக்கும்?"

எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் நான் தினமும் பார்த்தது அது. பம்பு அறையில் ஒரு மீட்டர் இருந்தது. வெயில் ஏற ஏற முள் ஏறும், மேகமூட்டமான நாளில் சோம்பிக் கிடக்கும். இலை வெயிலில் நின்றால் வேர் உறிஞ்சும். இதை எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அந்த மீட்டரையும் இந்த ஊற்றையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்ற ஒரு பெண், ஒரு பனைமட்டையை வைத்துக்கொண்டு மரம் தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் பதில் சொல்லத் தாமதித்தேன். என் போர்டில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊர்களில் கன்று கேட்டு வைத்திருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் நானே இறால் பண்ணையைக் குற்றம் சொல்லி ஊரைத் தலையாட்ட வைத்திருந்தேன். மரத்துக்கு மரம் மாறும் என்று மழுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா தங்கச்சி. வெயில்லதான் குடிக்கும்" என்றேன்.

"அப்ப கிழக்குத் துண்ட வெட்டிர்றேன்" என்றார் சண்முகவள்ளி. குடத்தை நகர்த்தி வைக்கிறேன் என்பதைப்போலச் சொன்னார்.

தங்கப்பாண்டிதான் முதலில் பதறினார். இன்னும் ஒரு வருஷத்தில் விலைக்குப் போகிற மரம், நாலு வருஷத்து உழைப்பு, யோசித்துச் செய் என்றார். படியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, இவ்வளவையும் நீயா வந்து சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே என்றாள். எல்லாருக்கும் மனதில் இருந்த கேள்வி அதுதான். எனக்கும்தான்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார் அவர். "நானும் அந்தத் தண்ணியத்தான குடிக்கணும்."

கூட்டம் கலைந்த பிறகு நான் அவரை ஓரமாக அழைத்து, மருதுபாண்டிக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் திரும்பி வருவது அந்த மரங்களில்தானே இருந்தது. மேற்குத் துண்டின் குட்டை மரங்கள் முதிர இன்னும் சில வருஷமாகும். முதல்முறையாகச் சண்முகவள்ளி கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த ஒரு வரிசைய வெட்டின அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன் என்றார்.

"என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் மிசின் சத்தம்தான் கேட்டுச்சுண்ணே. பெறகு, நீ ஒத்தையில வெட்டாத, நான் வாரேன்னாரு."

அதுவரை என்னைப் பாய் என்றே கூப்பிட்டவர், அண்ணே என்றது அப்போதுதான்.

மருதுபாண்டி வெள்ளிக்கிழமை வந்தார். அமைதியான மனிதர், பஞ்சுத் தூசியில் இருமுகிற நெஞ்சு. புருஷனும் பெண்சாதியும் நாலு நாள் வெட்டினார்கள். ஊர் ஆட்களும் அரிவாளோடு போனார்கள். நானும் போனேன். என் போர்டில் நின்ற மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. விறகுக்கும் பந்தல் காலுக்கும் போகிற பருமன்தான். செவ்வாய்க்கிழமை காலையில் மருதுபாண்டி திருப்பூர் பஸ் ஏறினார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தைலமரத்தின் குணம் தெரிந்தவர்களுக்கு அது முடியாது என்று தெரியும். இருபதே நாளில் முந்நூறு கட்டையிலும் தளிர் வந்துவிட்டது. ஒரு கட்டைக்கு ஏழு, எட்டு. வைகாசி வெயிலில், கொதிக்கிற மணலில், தலையில்லாத கட்டைகள் வெள்ளி நிறத் தளிரை விட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்க ஊரே வந்தது. எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. என்ன உயிர் இது என்று திகைத்துப் போய் நின்றேன். விட்டால் இரண்டு வருஷத்தில் பழைய உயரத்துக்கு வந்து, பழைய மாதிரியே குடிக்கும். கட்டையில் தடவிச் சாகடிக்க மருந்து இருக்கிறது என்று சொன்னேன். குடிக்கிற ஊத்துக்குப் பக்கத்துல மருந்தா என்று கேட்டுவிட்டுச் சண்முகவள்ளி குனிந்து தளிரைக் கையாலேயே ஒடிக்க ஆரம்பித்தார். ஒடித்தால் பதினைந்து நாளில் மறுபடி வரும். மறுபடி ஒடிக்க வேண்டும். கட்டையின் வேரில் இருக்கிற சத்து தீர்கிற வரை.

முதல் மாதம் அவர் ஒருவர்தான் ஒடித்தார். பிறகு ஒருநாள் காலையில், குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்த தங்கப்பாண்டியின் மனைவி நாகஜோதி, சும்மா நிற்கிற நேரம்தானே என்று பக்கத்துக் கட்டைகள் நாலில் தளிரை ஒடித்துப் போட்டிருக்கிறார். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். இப்போது தாழைமேட்டில் அது வழக்கமாகிவிட்டது. குடம் வைத்தவர்கள் முறை வருகிற வரை தளிர் ஒடிக்க வேண்டும். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை.

போன பங்குனியில் நான் போனேன். நடுவில் இரண்டு மழைக்காலம் போயிருந்தது. இரண்டும் ஓரளவு பெய்தது. அதனால்தான் ஊற்று தேறியது, மரத்தைச் சும்மா வெட்டிவிட்டாள் என்று சொல்கிறவர்கள் ஊரில் ஒன்றிரண்டு பேர் உண்டு. அதனால்தான் நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போனேன். என் போர்டில் இப்போது மேற்குத் துண்டு மரங்களின் படம் இருக்கிறது. கன்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் நீங்கள் குடிக்கிற தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். சிலர் கன்று வாங்காமலே போய்விடுகிறார்கள். ஹாஃபிஸா இப்போதெல்லாம் என்னைக் கேலி செய்வதில்லை.

கிழக்குத் துண்டில் கட்டைகள் பெரும்பாலும் வெளுத்து, பட்டை கழன்று செத்திருந்தன. பத்துப் பதினைந்தில் மட்டும் தளிர் தெரிந்தது. பத்து மணிக்குப் பெண்கள் போன பிறகு, சண்முகவள்ளி அதே பனைமட்டையை ஊற்றில் ஊன்றிப் புதுக்கோடு ஒன்று வெட்டினார். நாங்கள் இரண்டு பேரும் தாழம்புதர் ஓரமாக உட்கார்ந்தோம். நிழல் தர அங்கே ஒரு மரமும் இல்லை. குடையை விரித்துக்கொண்டோம். மருதுபாண்டிக்கு இருமல் கூடியிருக்கிறது என்றார். மேற்குத் துண்டு முதிர இன்னும் இரண்டு வருஷம் என்றார். அந்த இரண்டு வருஷத்தை அவர் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

நாலு மணிக்கு இறங்கிப் போய் மட்டையை எடுத்தார். நான் மேலே நின்று எட்டிப் பார்த்தேன். காலையில் வெட்டிய கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. ஈரம் அதற்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. அவர் அந்த ஈரத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அளந்து பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

மறுமுனையில் பனியன் கம்பெனி மெஷின் இரைச்சல் எனக்கும் கேட்டது.

"ஏறிருக்குங்க" என்றார். "பழைய மாதிரியே. ரெண்டு விரக்கடை."

இரைச்சலுக்கு நடுவே மருதுபாண்டி ஏதோ கேட்டார். சண்முகவள்ளி போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, சிரட்டையால் அள்ளி வாயில் வைத்தார். அறுநூறு குழி மண்ணை ருசி பார்த்த நாக்கு அது. தண்ணீரை நாக்கில் புரட்டி விழுங்கினார். அவர் முகத்தைப் பார்த்தபடி நான் நின்றேன்.

"நல்ல தண்ணிதேன்" என்றார் போனில். மிச்சத்தைக் கொட்டாமல் சிரட்டையை மேலே என்னிடம் நீட்டினார்.